அரக்கு அண்ணாச்சி ஏறாத பாலம்

தென்காசித் தாலுகாவில் அரக்கு அண்ணாச்சியைவிட யோக்கியமான மனுசர் ஒருத்தர் இருந்திருந்தால், அவரையும் அண்ணாச்சி சந்தேகப்பட்டிருப்பார். தன்னையே சந்தேகப்பட்ட ஆள் அவர்.

வெள்ளைக்காரன் காலத்தில், ரோடு பாலமெல்லாம் போட்ட தாலுகா போர்டு ஆபீசில் அவர் ஹெட் கிளார்க். நான் அவருக்குக் கீழே கடைசி மேசை. அப்பன் வைத்த பேரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. டெண்டர் பெட்டிக்கு அரக்கு உருக்கி சீல் வைப்பது அவர் வேலை. அந்தப் பழக்கம் முற்றிப்போய், பொடி டப்பாவுக்கு அரக்கு, வீட்டு ஊறுகாய் ஜாடிக்கு அரக்கு என்று ஆகிவிட்டது. "ஒரு துண்டு நார்த்தங்கா எடுக்கணும்னா ரெண்டு சாட்சி வேண்டியிருக்கு தம்பி" என்று மதினி எங்களிடம் புலம்புவாள்.

டெண்டர் மாசம் வந்துவிட்டால் மனுசரைப் பிடிக்க முடியாது. யார் வீட்டிலும் காப்பி குடிக்க மாட்டார். எதிரே கண்டிராக்டர் வந்தால் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொள்வார். ஒரு தடவை குற்றாலத்தில் பெரிய அருவியில் நிற்கிறோம். தலை நிறைய எண்ணெய். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த கண்டிராக்டர் மரியாதையாக, "அண்ணாச்சி, சீயக்கா தரட்டா?" என்றார். அவ்வளவுதான்! "டெண்டர் தொறக்குத வரைக்கும் ஒம்ம சீயக்கா எனக்கு ஆகாதுவே" என்று துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்றைக்கு முழுக்க எண்ணெய் வழிய வழிய ஆபீசில் உட்கார்ந்திருந்தார். பைலெல்லாம் எண்ணெய்க் கறை.

சிரிப்பது இதோடு சரி. இனிமேல் சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

மேலகரத்துக்கு அந்தப் பக்கம் சிற்றாற்றுக்குப் பாலம் கிடையாது. சாரல் காலத்தில் வண்டிகள் கரையிலேயே நிற்கும். நெல்லும் நிற்கும், பிள்ளைத்தாய்ச்சியும் நிற்பாள். பாலம் கட்டப் போர்டிடம் காசு இல்லை. அதனால் ஒரு யோசனை செய்தார்கள். யாராவது சொந்தக் காசில் பாலம் கட்டட்டும். இத்தனை வருசத்துக்கு வண்டிக்குச் சுங்கம் வாங்கிக்கொள்ளட்டும். அப்புறம் பாலத்தைப் போர்டிடம் ஒப்படைத்துவிடட்டும். யார் குறைந்த வருசம் கேட்கிறாரோ அவருக்கே பாலம். கவரில் தொகை எழுத வேண்டாம், வருசத்தை எழுதினால் போதும். ஆடி மாசம் ஒரு தேதி குறித்து, ஆபீஸ் கடிகாரப்படி மூன்று மணிக்குள் கவர் பெட்டியில் விழ வேண்டும் என்று தண்டோரா போட்டாயிற்று.

அக்கரையில் அண்ணாச்சிக்கு ஒரே தங்கை. தாயில்லாமல் அவர் தூக்கி வளர்த்தது. அவள் புருசன் கல் வண்டி அடிக்கிறவர், நல்ல உழைப்பாளி. இந்தப் பாலத்தை நான்தான் கட்டுவேன் என்று இரண்டு வயலை விற்று, பாறைக் கல்லை வாங்கிக் கரையில் குவித்துவிட்டார். டெண்டர் கிடைக்கும் முன்னாலேயே! அண்ணாச்சி அந்த மாசம் முழுக்கத் தங்கை வீட்டுப் பக்கம் போகவில்லை. மாப்பிள்ளையைத் தெருவில் பார்த்துக் குடையைச் சாய்த்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சாரல் விழுந்தால் நாங்கள் குமாஸ்தாக்கள் எல்லாரும் விடிகாலையில் குற்றாலம் போய்விடுவோம். ஆபீசுக்கு வருவது கால் மணி நேரம் பிந்தித்தான். எல்லாருக்கும் கடைசியாக வருகிறவன் நான். அண்ணாச்சி திட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் ஆனி மாசம் ஒருநாள், யாரிடமும் சொல்லாமல், ஆபீஸ் கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார். நாங்களும் கடிகாரத்தைப் பார்த்துப் பயந்து கொஞ்சம் ஓடி வர ஆரம்பித்தோம். அவர் அதை அப்படியே மறந்துபோனார்.

டெண்டர் நாளன்று நல்ல மழை. கடிகாரத்தில் மூன்று அடித்தது. பிரசிடெண்டு முன்னால் அண்ணாச்சி அரக்கை உடைத்தார். மூன்று கவர். ஒருத்தர் இருபத்தஞ்சு வருசம், ஒருத்தர் இருபத்திரண்டு, ஒருத்தர் பதினெட்டு. அதைச் சத்தமாகப் படித்து முடிக்கிற நேரம், வாசலில் மாப்பிள்ளை வந்து நின்றார். உடம்பெல்லாம் ஆற்றுத் தண்ணீர். கவரை வாழையிலையில் சுற்றித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டே ஆற்றைத் தாண்டி வந்திருக்கிறார்.

"மச்சான், ஆத்துல வெள்ளம். நீந்தில்லா வாரேன். இதையும் போட்டுக்கிடும்."

அண்ணாச்சி கடிகாரத்தைக் காட்டினார். "மூணு பத்து. கவரையும் தொறந்தாச்சு. முடியாது மாப்ளே."

"எதுக்குப் பாலம் வேணும்னு கேக்கேளோ அந்த ஆறுதான மச்சான் என்னைய மறிச்சுது! பதினோரு வருசம்னு எழுதியிருக்கேன். பதினோரே வருசம்!"

"முடியாது."

மாப்பிள்ளை கவரை மறுபடி வாழையிலையில் சுற்றினார். படியிறங்கி மழையில் நடந்தார். தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். அப்போது அந்தப் பக்கம் கஜானாவில் பாராக்காரன், ஊரே நம்புகிற மணியை அடித்தான். ஒன்று. இரண்டு. மூன்று.

அண்ணாச்சி முகத்தை நான் பார்த்தேன். ஐயோ, அந்த முகத்தை யாரும் பார்க்கக் கூடாது.

கடிகாரத்தைத் தள்ளி வைத்தது தான்தான் என்று அங்கேயே பிரசிடெண்டிடம் சொன்னார். எல்லாவற்றையும் ரத்து செய்து மறுபடி டெண்டர் கூப்பிடுங்கள் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினார். பிரசிடெண்டு சிரித்தார். "ஆபீஸ் கடிகாரம்னுதானவே நோட்டீசுல போட்டிருக்கு? அது காட்டுததுதான் மணி." அண்ணாச்சி விடவில்லை. ஹெட் கிளார்க்கை ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டுத் தனக்குத்தானே ஒரு மெமோ எழுதினார். மறுநாள் அதற்குத் தானே பதிலும் எழுதினார்: "விளக்கம் ஏதுமில்லை. நீக்கலாம்." பிரசிடெண்டு இரண்டையும் கிழித்துப் போட்டார்.

"அண்ணாச்சி, நாங்க பிந்தி வந்ததாலதான இம்புட்டும்" என்று நான் அழுதேன்.

"ஏலே, நீ பிந்தி வந்தது ஒந்தப்பு. கடியாரத்தத் தொட்டது எந்தப்பு. ரெண்டையும் ஒரே கவருல போடாத" என்றார்.

கரையில் குவித்த கல்லைப் பதினெட்டு வருசக்காரரே அடிமாட்டு விலைக்கு வாங்கிப் பாலத்தைக் கட்டினார். மாப்பிள்ளை பிழைப்புத் தேடிக் கொழும்புக்குப் போனார். இரண்டாவது வருசம் அங்கேயே காய்ச்சலில் செத்துப்போனார். தங்கை அண்ணனுக்குக் கதவை அடைத்துவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த தங்கைக்கு அண்ணன் வருசா வருசம் பொங்கல்படி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பச்சரிசி, மண்டவெல்லம், தேங்காய், ஒரு தார் வாழைப்பழம், மஞ்சள் குலை, இரண்டு கரும்பு. அண்ணாச்சி ஒரு வருசம்கூட விடவில்லை. தலையில் சுமந்துகொண்டு, பாலத்தில் ஏறாமல், அதன் கீழே ஆற்றில் இறங்கித்தான் போவார். "நடக்குதவுகளுக்குச் சுங்கம் கெடையாது அண்ணாச்சி, மேல வாரும்" என்று சுங்கக்காரன் கத்துவான். அண்ணாச்சி காதில் வாங்கமாட்டார். அடைத்த கதவுக்கு முன்னால் ஒரு நாழிகை நிற்பார். பிறகு அத்தனையும் தலையில் தூக்கிக்கொண்டு திரும்ப வருவார். பொங்கலுக்கு மறுநாள் ஆபீசில் எங்களுக்கெல்லாம் வாழைப்பழம் கிடைக்கும்.

பாலம் திறந்து, மாப்பிள்ளை கேட்டிருந்த பதினோரு வருசம் முடிந்ததும் அவர் கிறுக்கு இன்னும் கூடியது. சந்தை நாள்தோறும் சுங்கச்சாவடியில் போய் நின்றுகொண்டு ஒவ்வொரு வண்டிக்காரனிடமும் கையெடுத்துக் கும்பிடுவார். "இனி நீரு குடுக்குதது என்னாலதான்வே. மன்னிச்சுக்கிடும்." பாதிப் பேர் சிரித்தார்கள். பாதிப் பேர், பாவம், காளையை நிறுத்தி அவர் பேச்சைக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

உலகச் சண்டைக் காலத்தில் ஒரு மார்கழியில் படுத்தார். எழுந்திருக்கவில்லை. பொங்கல் வந்தது. என்னைக் கூப்பிட்டு, "ஏலே, நீ கொண்டு போ. வாங்காட்டா சத்தம் போடாதே, திரும்பி வந்துரு" என்றார்.

நான் பாலத்து வழியாகப் போனேன். பொங்கல்படியை நடையில் இறக்கி வைத்தேன். கதவு படாரென்று திறந்தது. பதினஞ்சு வருசமாக அண்ணாச்சிக்குத் திறக்காத கதவு! தங்கை நடையைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள்.

"ஒங்காலு காஞ்சுல்லா கெடக்கு. எங்கண்ணன் எங்க?"

"கெடையில கெடக்காருக்கா. தாங்காதுன்னு வைத்தியரு சொல்லுதாரு."

அவள் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அவன் வரும்போதெல்லாம் நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நிப்பேன் தம்பி. அவன் போன பொறவு தொறந்து பாப்பேன். நடையில ரெண்டு ஈரக்காலு கெடக்கும். அது காயுத மட்டும் உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். தொறக்கணும்னு தோணும். கொழும்புல செத்தவுக முகம் வந்து மறிச்சிரும்."

படியை உள்ளே எடுத்து வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு என்னோடு புறப்பட்டுவிட்டாள். ஆற்றங்கரைக்கு வந்ததும் நான் பாலத்துப் பக்கம் திரும்பினேன். அவள் திரும்பவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள். நானும் இறங்கினேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அண்ணாச்சி கண்ணைத் திறந்து முகத்தைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார்.

"ஏட்டி, அதான் பாலம் கெட்டிருக்கானுவல்லா. அதுல வரப்படாதா?"

"நீ அதுல வந்தியாண்ணே?"

அண்ணாச்சி கையை நீட்டினார், அவள் பிடித்துக்கொண்டாள். மதினி துண்டு எடுத்துவந்து அவள் காலைத் துடைத்துவிட்டாள். நான் வெளியே வந்து தெருவில் நின்று அழுதேன். அந்த மனுசரை எத்தனையோ வருசம் மனசுக்குள் திட்டிக்கொண்டே வேலை பார்த்திருக்கிறேன். அவர்மேல் எனக்கு இவ்வளவு பிரியம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.