பைலா என்று நினைத்து எழும்பினேன்

கூச்ச சுபாவம் உள்ளவர்கள் சின்னச் சின்னப் பிழைகள்தான் விடுவார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நாங்கள் எங்கள் பிழைகளைப் பத்திரமாகச் சேர்த்து வைப்போம். பிறகு ஒரு நாள், நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில், எல்லாவற்றையும் ஒரே தடவையில் விட்டுவிடுவோம்.

என் கூச்சம் சாதாரணமானதல்ல. பஸ்ஸில் இறங்குவதற்கு மணியை அழுத்த வெட்கப்பட்டு, வேறு யாராவது அழுத்தும் வரை இருந்து, இரண்டு தரிப்பிடம் தாண்டி இறங்கி நடந்து வந்திருக்கிறேன். கல்யாண வீட்டில் குழம்பு கேட்க வெட்கப்பட்டு வெறும் சோற்றைச் சாப்பிட்டிருக்கிறேன். (இதை என் மனைவி மலருக்கு வாசித்துக் காட்டினேன். "வெறும் சோறோ? வடை மட்டும் நாலு முடிச்சனீங்கள்" என்றாள். அது வேறு கல்யாணம்.)

அப்படிப்பட்ட நான்தான் சிட்னியில் ஒரு மண்டபத்தின் நடுவில், லேஞ்சியை, அதாவது கைக்குட்டையை, தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டு ஆடினேன். அதுவும் ஆடவே கூடாத ஒரு பாட்டுக்கு.

அப்போது நாங்கள் மெரிலேண்ட்ஸில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். நான், மலர், பன்னிரண்டு வயது மகள் தர்ஷினி. எனக்குச் சமையலறைகளில் பூட்டும் குசினி அலுமாரிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் மெஷினில் நிற்பேன். அந்த மெஷின் போடும் சத்தத்தில் யாரும் யாருடனும் பேச முடியாது. எனக்காகவே செய்த வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே பெரும்பாலும் ஐரோப்பாவில் இருந்து வந்த பழைய ஆட்கள். ரேடியோவுக்குச் சண்டை பிடித்துப் பிடித்துக் களைத்து, கடைசியில் ஆளுக்கொரு நாள் என்று பிரித்து வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை கிரேக்கருக்கு. அவர் போடும் பாட்டு, வருத்தக்காரனை ஆஸ்பத்திரிக்கு மெல்ல மெல்ல நடத்திக் கூட்டிப் போவதுபோலத் தொடங்கும். முடியும்போது ஆஸ்பத்திரியே எழுந்து ஓடுவதுபோல இருக்கும். அவருடைய மொழியில் 'நே' என்றால் ஆம். அது தெரியாமல், 'நோ' என்கிறார் என்று எடுத்துக்கொண்டு, முதல் வாரம் முழுவதும் நான் தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதும், அவர் 'நே' என்பதும், நான் கோப்பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவதுமாக இருந்தோம். செவ்வாய்க்கிழமை இத்தாலிக்காரருக்கு. அவருடைய பாட்டுகளில் எப்போதும் யாரோ யாரையோ விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அவர் பலகை தூக்கும்போது பேச மாட்டார்; கை சும்மா இருந்தால்தான் அவருக்கு வாய் வரும். புதன்கிழமை பின்லாந்துக்காரருக்கு. அந்த மனிதர் ஒரு நாளைக்கு நான்கு சொல் பேசினால் அதிகம். ஆனால் பாட்டு என்றால் டாங்கோதான். அவருடைய நாட்டில் அதற்கு உயிரை விடுவார்களாம். மூடிய கண்களோடு அவர் வாள் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து நான் நடுங்கியிருக்கிறேன். அவருடைய மொழியில் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல்தானாம். அதனால் எங்கள் மனேஜர் மரியாவை, இங்கிலீஷில், கடைசி வரை ஆணாகவே வைத்திருந்தார்.

வியாழக்கிழமை அந்த மரியாவுக்கு. போர்த்துக்கல்காரி. அவருடைய அப்பா மனுவேல் தொடங்கிய தொழிற்சாலைதான் அது. மரியா போடுவதெல்லாம் துள்ளல் பாட்டு. அக்கோடியன் வாசிக்க வாசிக்க, கால் தானாக ஆடும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் வாழ்க்கையைக் கெடுத்தது அந்த வியாழக்கிழமைகள்தான்.

ஒரு நாள் இடைவேளையில் மலருடன் போனில் கதைத்துக்கொண்டிருந்தேன். "ஓம், குசினி அலுமாரிதான். மேசையில வைச்சிட்டன்" என்று ஏதோ சொன்னேன். பின்னால் நின்ற மரியா என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"நீ இப்ப என்ன சொன்னாய்?"

பயந்துபோய்த் திரும்பவும் சொன்னேன். குசினி. அலுமாரி. மேசை. அவர் கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். மூன்றுமே அவருடைய மொழிச் சொற்கள். அதன் பிறகு இரண்டு பேரும் அங்கேயே நின்று, காணும் பொருளையெல்லாம் காட்டிக் காட்டிச் சொல்லிப் பார்த்தோம். உட்காரும் கதிரை, யன்னல், காலில் போடும் சப்பாத்து, லேஞ்சி. எல்லாம் அவர்களுடையது. (நாங்கள் பேசியது உடைந்த இங்கிலீஷில். இங்கே தமிழில் எழுதுவதால் எல்லோரும் நன்றாகக் கதைத்ததுபோலத் தெரியும். நம்ப வேண்டாம்.)

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எனக்கு ஒரு ஐரோப்பிய மொழி பிறந்ததிலிருந்தே தெரியும் என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும்? அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது என் நடையே மாறிவிட்டது.

அந்த நேரத்தில்தான் எங்கள் விசா விஷயம் ஒரு முடிவுக்கு வரும்போல இருந்தது. கடலால் படகில் வந்து பத்து வருசத்துக்கு மேல், தற்காலிகம் தற்காலிகம் என்றே புதுப்பித்துக் காலம் போயிருந்தது. இங்கே உங்களை நன்றாகத் தெரிந்த, மரியாதையான ஒருவரிடம் கடிதம் வாங்கி வாருங்கள் என்று லோயர் சொன்னார். எனக்குத் தெரிந்தவர்களில் மரியாதையானவர் என்றால் மரியாவின் அப்பாதான். நாற்பது வருசம் அந்த ஊரில் தொழில் நடத்தியவர். கேட்க வெட்கப்பட்டு மூன்று வாரம் போக்கினேன். கடைசியில் மலர் ஒரு கடதாசித் துண்டில் எழுதித் தந்து, நான் அதை மரியாவின் மேசையில் வைத்துவிட்டு ஓடி வந்தேன்.

மரியா மெஷினுக்குப் பக்கத்தில் வந்து சத்தமாகச் சொன்னார். "அப்பா கையெழுத்து வைப்பார். ஆனா தெரியாத ஆளுக்கு வைக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எண்பதாவது பிறந்தநாள். குடும்பத்தோட வா. குசினி என்று சொல்லுற மனுசனை அவர் பார்க்க வேணுமாம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனோம். காரில் மலர் மூன்று முறை சொன்னாள். "கடிதம் கையில வரும் மட்டும் வாயைத் திறக்காதேங்கோ." இதுவரை அவள் எனக்குக் கொடுத்த புத்திமதிகளில் மிகவும் தேவையற்றது இதுதான் என்று நினைத்தேன். நான் எப்போது வாயைத் திறந்திருக்கிறேன்?

போர்த்துக்கீசர்களின் சங்க மண்டபம். நூறு பேர் இருப்பார்கள். சுட்ட மீன் வாசனை. மனுவேல் ஐயா ஒல்லியான மனிதர், வெள்ளை மீசை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கதிரையைக் காட்டினார்.

"கதிரை" என்றேன்.

மண்டபம் ஆரவாரித்தது. யன்னலைக் காட்டினார்கள். சொன்னேன். சப்பாத்தைக் கழற்றிக் காட்டினார் ஒருவர். சொன்னேன். ஒரு பெண் என் கன்னத்தில் முத்தம் தந்தார். (மலர் பக்கத்தில்தான் நின்றாள்.) ஒருவர் கோப்பையில் சிவப்பு வைன் ஊற்றினார். "கோப்பை" என்றேன். அதற்கும் கைதட்டல். மரியாதைக்காகக் குடித்தேன். அவர்கள் திரும்ப ஊற்றினார்கள். நானும் திரும்ப மரியாதை செய்தேன்.

சாப்பாடு முடிந்ததும் மரியா எங்கள் மேசைக்கு வந்தார். "அப்பா இப்ப பாடப் போறார். வருசத்தில் ஒரே ஒரு பாட்டு. தன்ர பிறந்தநாளுக்கு மட்டும்."

யன்னல் திரைகளை இழுத்து மூடினார்கள். வயிறு பெருத்த ஒரு கித்தாரோடு ஒருவர் வந்து உட்கார்ந்தார். மனுவேல் ஐயா கறுப்புச் சால்வை போன்ற ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். கித்தார் தொடங்கியது. அவர் பாடத் தொடங்கினார். நூறு பேரும் அசையவில்லை.

இந்த இடத்தில் என் மூளை எப்படி வேலை செய்தது என்று சொல்ல வேண்டும். நான் மட்டக்களப்பில் பிறந்தவன். அங்கே பறங்கியர் குடும்பங்கள் உண்டு. போர்த்துக்கீசர் வழி வந்தவர்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் பிடில் தொடங்கினால் கிழவர்கள்கூட எழும்பி ஆடுவார்கள். இலங்கையில் பிறந்த எவனைக் கேட்டாலும் சொல்வான், போர்த்துக்கீசன் நமக்குத் தந்தது பைலா என்ற ஆட்டப்பாட்டு என்று. பைலா போட்டும் ஒருவரும் எழும்பாவிட்டால் பாடுகிறவருக்கு அவமானம். அதோடு தொழிற்சாலையில் ஒவ்வொரு வியாழக்கிழமையும் கேட்டதும் துள்ளல் பாட்டுத்தான்.

எனவே நான் கண்ட காட்சி இது: ஒரு கிழவர் பாவம், எண்பது வயதில் பாடுகிறார். ஒருவர்கூட எழும்பவில்லை. எல்லோருக்கும் கூச்சம். கூச்சத்தைப் பற்றி என்னை விட யாருக்குத் தெரியும்? யாராவது தொடங்கி வைக்க வேண்டும். கடிதத்தில் கையெழுத்து வைக்கப் போகிற மனிதருக்கு இந்த உதவியைக்கூட நான் செய்யக் கூடாதா?

கைதட்டத் தொடங்கினேன். டக்கு டக்கு டக்.

"என்னப்பா செய்யிறியள்?" மலர் என் தொடையைக் கிள்ளினாள். அவளும் தாளம் போடுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

எழும்பினேன். லேஞ்சியை எடுத்தேன். மேசைகளுக்கு நடுவில் போய், இடுப்பில் ஒரு கையை வைத்து, "ஆ... போடு!" என்று ஒரு சத்தம் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். இரண்டாவது சுற்றில்தான் கித்தார் நின்றுவிட்டது தெரிந்தது.

மனுவேல் ஐயா ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார். மரியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எங்கோ ஒரு கரண்டி கீழே விழுந்தது.

"அப்பா. சிட் டவுன். ப்ளீஸ்" என்றாள் தர்ஷினி. இவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

உட்கார்ந்தேன். மலர் என்னைப் பார்க்காமல், உதடு அசையாமல் சொன்னாள். "போச்சு. கடிதம் போச்சு." பக்கத்து மேசைக் கிழவர் என் காதில் சொன்னார், அது செத்துப்போன தாயை நினைத்துப் பாடும் பாட்டு என்று.

மண்டபத்தின் தரை பிளக்கவில்லை. நல்ல சீமெந்து. ஒளிந்துகொள்ள வேறு இடமில்லாததால் வாயை நிரப்பினேன். மேசையில் இருந்த முட்டைப் பணியாரம் ஒன்றை, மேலே தூவிய கறுவாப்பட்டைத் தூளோடு, முழுதாக உள்ளே தள்ளினேன். அதே நேரம் மனுவேல் ஐயா கித்தார்காரருக்குத் தலையசைத்து, பாட்டை முதலில் இருந்து தொடங்கினார்.

கறுவாத் தூள் மூச்சுக் குழாய்க்குள் போனது.

இந்த மனிதர்களின் முன்னோர் கப்பலேறி எங்கள் நாட்டுக்கு வந்ததே கறுவாவுக்காகத்தான் என்று சொல்வார்கள். ஐந்நூறு வருசம் கழித்து அந்தக் கறுவா ஆள் மாறி என்னைப் பழிவாங்கியது. இருமினால் முடிந்தது. கொரோனா போய் அதிக நாளாகவில்லை; இருமுகிற ஆளைப் பார்த்தால் சனம் கதவைத் தேடும் காலம். அதோடு பாட்டை இரண்டாவது தடவையும் நிறுத்தினால் கடிதம் மட்டுமல்ல, வேலையும் போய்விடும். அடக்கினேன். கண்ணில் தண்ணீர் ஓடியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பாட்டு நீண்டது. அந்தத் தாய் எத்தனை தரம்தான் சாவாள் என்று நினைத்தேன் (கடவுள் மன்னிக்க வேண்டும்). என் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டதாகத் தர்ஷினி இன்றும் சொல்கிறாள்.

கடைசிக் குரல் மெல்ல இறங்கி நின்றது. அந்த நொடியில், ஒருவரும் கைதட்டக் கையை எடுப்பதற்கு முன், எனக்கு வெடித்தது. செருமினேன், இருமினேன், திரும்பவும் செருமினேன்.

பிறகு மூலையில் இருந்த ஒரு கிழவர் செருமினார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர். பிறகு நாலைந்து பேர். ஒரு நிமிடத்தில் மண்டபத்தின் பாதி தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தது. என்னைப் பழிக்கிறார்கள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது மனுவேல் ஐயா கையை நெஞ்சில் வைத்து, என் பக்கம் பார்த்துத் தலை தாழ்த்தி நின்றார்.

மரியா ஓடி வந்தார். "யார் உனக்குச் சொன்னது? லிஸ்பனில் இந்த மாதிரிப் பாட்டுக்குக் கைதட்டுவாங்க. அப்பாவின் ஊர் கொயிம்பிரா. அங்க கைதட்ட மாட்டாங்க, இப்படித்தான் செருமுவாங்க. இங்க இருக்கிற பாதிப்பேருக்கே அது மறந்துபோச்சு. உனக்கு இது முந்தியே தெரியுமோ?"

மலர் என்னைப் பார்த்தாள். தர்ஷினி என்னைப் பார்த்தாள். நான் என் வாழ்க்கையின் மிகப் பெரிய பொய்யை ஒரே சொல்லில் சொன்னேன்.

"ஓம்."

(அவர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்.)

திங்கட்கிழமை கடிதம் வந்தது. நான் நல்ல வேலைக்காரன், நேரத்துக்கு வருபவன் என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி: 'இந்த மனிதருக்கு எங்கள் பாட்டைக் கேட்கத் தெரியும்.' லோயர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, இது என்ன என்று கேட்டார். சுகமில்லை என்று சொல்லி எழும்பி வந்துவிட்டேன்.

விசா கிடைத்தது. ஆனால் அந்த வரி என்னை நித்திரை கொள்ள விடவில்லை. மனுவேல் ஐயாவின் வீட்டுக் குசினி அலுமாரிக் கதவு தொங்குகிறது என்று மரியா ஒரு நாள் என்னை அனுப்பினார். திருகாணியை முறுக்கிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல், உண்மையைச் சொல்லிவிட்டேன். கறுவாத் தூள் என்றேன்.

அவர் கதிரையில் இருந்தபடியே சிரித்தார். "எனக்கு அண்டைக்கே தெரியும். உன்ர மீசை முழுக்கப் பணியாரம்."

"பிறகு ஏன் அப்படி எழுதினீங்கள்?"

"நான் பாடி முடியும் மட்டும் நீ சாகாமல் இருந்தாயே" என்றார். "என்ர மருமகனுக்குப் பாட்டு நடுவில போன் வந்தா வெளியில போயிடுவான்."

அவர் இப்போது இல்லை. இறுதிச் சடங்கில் அந்தப் பாட்டை, அவர் குரலிலேயே போட்டார்கள். முடிந்ததும் எல்லோரும் செருமினார்கள். நான் லேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தர்ஷினிதான் என் பங்குக்கும் சேர்த்துச் செருமினாள்.

எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு யாரும் கைதட்டுவதில்லை. மலரின் நண்டுக் கறிக்கும், தர்ஷினி பள்ளிக்கூடத்தில் வாங்கிவரும் பரிசுக்கும் செருமல்தான். நான் குளியலறையில் பாடினால் வெளியில் ஒரு சத்தமும் வராது. ஏன் ஒருவரும் செருமவில்லை என்று கேட்டால், "எங்கட தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பாள் மலர். போன மாதம் கெல்லிவில்லில் இருந்து புதிதாகப் பழக்கமான ஒரு குடும்பம் சாப்பிட வந்தது. அவர்களுடைய சின்ன மகள் வெட்கப்பட்டு வெட்கப்பட்டு ஒரு பாட்டுப் பாடினாள். முடிந்ததும் நான் என்னை மறந்து பலமாகச் செருமினேன். அவளுடைய அப்பா பதறிப்போய்த் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

தர்ஷினி போனில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"இட்ஸ் ஓகே அங்கிள், தண்ணி வேண்டாம். அப்பா கைதட்டுறார்."