சக்குலன்ட் முதலாளி

ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாதவன் சும்மா இருந்துவிடுவான். பாதி தெரிந்தவன்தான் கடிதம் எழுதுவான். நான் எழுதினேன்.

கல்மண்டபத்தில் காதர் பாய் கடையில் எனக்கு அப்போது இங்கிலீஷ் குமாஸ்தா வேலை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு ஆட்டிறைச்சி, பழம், சோப்பு, கயிறு எல்லாம் சப்ளை செய்கிற கடை. நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் (மூன்றாவது தடவையில், பாய் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை). அந்தச் சமயம் இரண்டு கப்பல்கள் வரிசையாகப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டன. மூன்றாவதும் போனால் இங்கிலீஷ் குமாஸ்தா எதற்கு என்று பாய் என் காதுபடவே யோசித்தார்.

அதனால் புதிதாக வந்த கப்பலின் கேப்டனுக்கு, ஆயுசுக்கும் மறக்காத மாதிரி ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். (அதில் மட்டும் ஜெயித்தேன்.) மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய அகராதியில் 'சக்குலன்ட்' அகப்பட்டது. அர்த்தம்: சாறு நிறைந்த. சாறு என்றால் சாரம், சாரம் என்றால் மேன்மை என்று என் மூளை வேகமாக ஓடியது. மட்டனுக்குப் போட்டேன், ஆரஞ்சுக்குப் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சக்குலன்ட் சோப்பு, சக்குலன்ட் கயிறு என்று அடுக்கிவிட்டு, எங்கள் சக்குலன்ட் முதலாளியும் தங்கள் உபயோகத்துக்குத் தயாராக இருக்கிறார் என்று முடித்தேன். படித்துக் காட்டியபோது பாய்க்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துப்போனது.

மறுநாள் காலை கேப்டனே கடைக்கு வந்துவிட்டார். ஆறடி உயரம், சிவந்த முகம், கையில் என் கடிதம். சக்குலன்ட் முதலாளி எங்கே என்று கேட்டார். காட்டினேன். பாய் ஈர்க்குச்சி மாதிரி இருப்பார். சட்டை போட்டால்தான் ஆள் இருப்பதே தெரியும். கேப்டன் அவரை ஒரு சுற்று சுற்றி வந்து, முழங்கையை மெதுவாக அமுக்கிப் பார்த்துவிட்டு, இதில் சாறு எங்கே என்று என்னிடம் விசாரித்தார். அகராதி சொன்ன அர்த்தம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இன்னாப்பா சொல்றாரு தொர?" என்றார் பாய்.

"உங்கள மாதிரி மேன்மையான ஆளைப் பார்த்ததே இல்லையாம், பாய்."

பாய் நெஞ்சை நிமிர்த்தி, கேப்டனின் கையைக் குலுக்கி, "யெஸ் சார், ஐ சக்குலன்ட்" என்றார். கேப்டன் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். ஆர்டர் முழுவதும் எங்களுக்கே கிடைத்தது.

அதன் பிறகு ஒரு மாதம், கஸ்டம்ஸ் வாசலில் எதிர்ப்பட்ட துரைமாருக்கெல்லாம் பாய் அப்படியே தன்னை அறிமுகம் செய்துகொண்டார். கடைசியில் அங்கே வேலை பார்த்த ஆங்கிலோ-இந்தியர் ஒருவர் மனசு கேட்காமல் விளக்கிவிட்டார். பாய் கடைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, அமைதியாகக் கேட்டார்:

"என்னைக் கடிச்சா சாறு வரும்னாப்பா எழுதிக்கினு கீறே?"

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். போகவில்லை. பாய் நேரம் பார்த்துக் காத்திருந்தார்.

அடுத்த தை மாதம் எனக்குப் பெண் கொடுக்க நினைத்த திருவொற்றியூர்க்காரர் ஒருவர் கடைக்கு விசாரிக்க வந்தார் (பின்னால் என் மாமனார், இரும்பு வியாபாரம், இங்கிலீஷ் சைபர்). பையன் என்ன படித்திருக்கிறான் என்று பாயிடம் கேட்டார். பாய் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"எஸ்.எஸ்.எல்.சி. முட்ச்சிட்டு, அதுக்கு மேல சக்குலன்டும் பண்ணிகீறான்."

மாமனார் அதைக் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்துவிட்டார். என் மனைவி பிறந்த வீட்டில் பிள்ளைகள் படிக்காமல் அடம்பிடித்தால், இன்றைக்கும் என்னைக் காட்டித்தான் அதட்டுகிறார்கள்: "மாமாவப் பாரு, அந்தக் காலத்துலயே சக்குலன்ட்."