தலைமைப் பண்பும் அறுப்பு மிஷினும்

இனிமேல் இந்த வீட்டுக்கு நான்தான் தலைவன் என்று முடிவு செய்தேன். மனைவி ஜெயபாரதியிடம் அதற்கு அனுமதியும் வாங்கிவிட்டேன்.

காரணம், மன்னார்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த தலைமைப் பண்புப் பயிற்சி. கோட்டு போட்ட பேச்சாளர், "கண்ணை மூடி உங்கள் இலக்கைப் பாருங்கள்" என்றார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பதால் பாதிப் பேர் அப்புறம் கண்ணைத் திறக்கவே இல்லை. எனக்கு மட்டும் இலக்கு பளிச்சென்று தெரிந்தது. முற்றித் தலைசாய்ந்து நிற்கும் என் சம்பா நெல்! மழைக்கு முன்னால் அது வீடு வந்து சேர வேண்டும். நனைந்தால் வயலிலேயே முளைத்துவிடும். இந்த வருஷப் பாடு அத்தனையும் போச்சு.

இலக்குக்கும் எனக்கும் நடுவில் முருகையன் நின்றார். அவர் வயல் ரோட்டோரம், என் வயல் அதற்குப் பின்னால். அவர் அறுத்தால்தான் மிஷின் அந்த வழியாக என் வயலுக்குள் இறங்க முடியும். மனிதரோ, மிஷின் கிடைக்கவில்லை, அடுத்த வாரம்தான் அறுப்பு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் என்னைக் கவிழ்க்கும் சதி. போன வருஷம் வரப்புச் சண்டையில் அவர் என்னை நண்டு என்றார், நான் அவரை எலி என்றேன். வரப்பைக் கெடுக்கிற அந்த இரண்டும் அன்றிலிருந்து பேசிக்கொள்வதில்லை.

"பாரதி, நான் முருகையன்கிட்ட பேசப் போறேன்."

"சண்டை போடவா?"

"வழிநடத்த! தொலைநோக்குன்னா என்னன்னு அவருக்குப் புரிய வைக்கணும்."

"பக்கத்துல பால் பொங்குறது தெரியல, தொலைநோக்காம். என் தம்பிகிட்ட மிஷின் இருக்கே, அதை அவருக்கும் அனுப்புறோம்னு சொல்லலாம்ல?"

"மிஷினைக் காட்டி ஆளைப் பிடிக்கிறது தலைமை இல்ல பாரதி. மனசை மாத்தணும். இப்பவே போறேன்."

"இன்னிக்கு வேண்டாங்க. நாளைக்குக் காலையில போங்க, நேரம் நல்லாருக்கு."

"தலைவனுக்கு எல்லா நேரமும் நல்ல நேரம்தான்."

"அப்ப நாளைக்கும் நல்ல நேரம்தானே?"

இதற்குப் பதில் பயிற்சியில் சொல்லித்தரவில்லை. மறுநாள் காலையில்தான் போனேன்.

முருகையன் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நான் இலக்கு பற்றிப் பேசினேன். கூட்டு முயற்சி பற்றிப் பேசினேன். மேகத்துக்கு மேலே பறக்கும் கழுகை இரண்டு தடவை பறக்கவிட்டேன். அவர் மனைவி வள்ளியம்மை எட்டிப் பார்த்து, "முடிஞ்சுதா?" என்றார். முருகையன், "உஷ்!" என்று அடக்கினார். அந்தப் பணிவில் என் குரலே தழுதழுத்துவிட்டது.

கடைசியில், "தம்பி சொல்றதுதான் சரி. இன்னிக்கே அறுத்துடுவோம்" என்றார் முருகையன்.

வெளியே வந்தால், என் மைத்துனனின் மிஷின் ரோட்டில் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. என் தலைமையின் வேகம் எனக்கே பயமாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் இரண்டு வயலும் அறுத்து முடிந்தது. நெல் வீட்டுக்குள் வந்து சேர்ந்த கையோடு மழை கொட்டியது. கூடம் முழுக்க மூட்டை. ஜெயபாரதி காபி கொடுத்து, "எல்லாம் உங்க பேச்சுதாங்க" என்றாள். நான் மறுக்கவில்லை.

அப்போது முருகையன் குடையோடு வந்து, என்னைத் தனியே இழுத்துப் போனார்.

"தம்பி, நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் நான் எந்திரிக்கவே இல்லைன்னு உங்க வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நேத்தே அவங்க வந்து, முழுசா கேட்டாத்தான் மிஷின்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க."

திரும்பிப் பார்த்தேன். ஜெயபாரதி ஒன்றும் தெரியாதவள் போல மூட்டை மேல் படுதாவை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. நெல்லையும் காப்பாற்றி, என் மானத்தையும் காப்பாற்றியவள். இப்படி ஒருத்தி வாய்க்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ என்று கண் கலங்கிவிட்டது.

முருகையன் இன்னும் போகவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அடுத்த குறுவை அறுப்புக்கும் எனக்கு மிஷின் வேணும் தம்பி. அப்பவும் பேசுவீங்களா?"