சிங்கப் பிரபுவின் கோழி இரும்பு

புதுப்பிரபு என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். நேற்றுவரை மூக்கில் கரியோடு திரிந்த இரும்பாலை முதலாளியை மன்னர் பிரபுவாக்கிவிட்டார் என்று வையுங்கள். மறுநாளே அவருக்குக் கழுத்து வளையாது, பொய்முடிக்குப் பவுடர் போதாது, தாத்தா கரிவண்டி ஓட்டியது ஞாபகத்துக்கே வராது.

எங்கள் யோனாஸ் கல்ம் அப்படித்தான் யோனாஸ் கல்மன்யெல்ம் ஆனார். எங்கள் ஊர்ப் பேச்சில் ‘யெல்ம்’ என்றால் தலைக்கவசம். தலையில் மாட்ட வேண்டியதைப் பெயரின் வாலில் மாட்டிக்கொண்ட மனிதர் சும்மா இருப்பாரா? குலச்சின்னமாக ஒரு சிங்கத்தை வரைந்து வாங்கினார். அது வண்டிக் கதவில் ஏறியது, சூப்புக் கிண்ணத்தில் ஏறியது, கடைசியில் பட்டறைக்கே வந்துவிட்டது.

"இனிமே இரும்புப் பாளத்திலே கோழி முத்திரை கூடாது. சிங்கம்தான்!"

தலைமைக் கொல்லர் ஜீல் தொப்பியைக் கழற்றினார். "முதலாளி..."

"முதலாளியா?"

"சரிங்க, பிரபு. இங்கிலீஷ்காரன் எழுபது வருஷமா அந்தக் கோழியைப் பாத்துத்தானே வாங்குறான்?"

"பிரபு வீட்டு இரும்பு கொக்கரிக்கலாமாய்யா? கர்ஜிக்கணும்!"

நன்றாகத்தான் கர்ஜித்தது. சரக்குப் பார்க்க வந்த கப்பல் தரகர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார்.

"கோழி இரும்பு எங்கே?"

"இதுதான்," என்றார் ஜீல். "அதே உலை, அதே கை."

"சிங்கத்தை அங்கே எவனுக்குத் தெரியும்? கோழி இருந்தா ஏத்துறேன். இல்லேன்னா கிளம்புறேன்."

கடல் உறைய இன்னும் இரண்டே வாரம். இதுதான் கடைசிக் கப்பல், இரும்புக்கு ஈடான மாவும் இதில்தான் இருந்தது. சரக்கு போகாவிட்டால் பனி உருகும்வரை ஆலைக்கு மாவு வராது. நாற்பது குடும்பத்துக்கும் பட்டினிதான். அதைப் பிரபுவின் முகத்துக்கு நேரே சொல்ல மனைவி ப்ரீத்தாவுக்குத்தான் தைரியம் இருந்தது.

"உங்க சிங்கத்தை வேக வச்சா நாப்பது வீடும் சாப்பிடுமா? கோழியை அடிக்கச் சொல்லுங்க!"

"ஊர் சிரிக்குமேடி!"

"பசிச்ச ஊர் சிரிக்காது. உதைக்கும்."

பிரபு பட்டறைக்கு ஓடினார். பதினோரு நாள் உலை அணையவில்லை. ஒவ்வொரு பாளத்தின் நுனியையும் மறுபடி காய்ச்சி, சிங்கத்தின் முதுகிலேயே கோழியை அடித்தார்கள். தரகர் வாயெல்லாம் பல்லாக மாவை இறக்கிவிட்டுச் சரக்கை ஏற்றிக்கொண்டு போனார், அப்பாடா என்று ஊரே ரொட்டி சுட்டது.

நம்மவர் மாறிவிட்டார் என்கிறீர்களா? நல்ல ஆள் நீங்கள்! அடுத்த விருந்தில் பக்கத்து ஊர்ப் பிரபுவிடம் அளந்தார் பாருங்கள்: "எங்க வம்சத்துக்கு நானூறு வருஷமா கோழிதானுங்க. சிங்கம் சும்மா, அதுக்கு வாகனம்!"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் போன வாரம் கடைத்தெருவில் யாரோ உங்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது திரும்பிப் பார்க்காமலே நடந்தீர்களே, காது கேட்காமலா?