எங்கள் வீட்டுச் சோதனைச் சாவடி

என் பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாட்டுப் பழக்கம் கற்றுக் கொடுத்தே தீருவது என்று போன ஜூன் மாதம் சபதம் எடுத்தேன். நானாக எடுக்கவில்லை. எடுக்க வைத்தார்கள்.

மகள் ஜெபிஷா யுகேஜி. பள்ளிக்கூடத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் படத்தைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னால், முழுக்க ஆரஞ்சு அடித்து வைத்திருக்கிறாள். மகன் ஜெனோ ஒன்றாம் வகுப்பு. காய்கறி இரண்டு சொல்லு என்றதற்கு, "சிப்ஸ், சாஸ்" என்றிருக்கிறான். டீச்சர் என்னைக் கூப்பிட்டு அரை மணி நேரம் நிற்க வைத்துப் பேசினார். நான் படித்த காலத்தில்கூட அவ்வளவு நேரம் நின்றதில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் முழங்கினேன்.

"ஏட்டி ஷெர்லின், இனிமே எண்ணெயில பொரிச்சது, கலர் தண்ணி, பாக்கெட்டு ஒண்ணும் இந்த வீட்டுக்குள்ள நுழையப்படாது."

"யாரு தடுப்பா?"

"பிள்ளைகளே தடுக்கும்!"

தென்காசியில் எலக்ட்ரிக்கல் கடை நடத்துகிறவனுக்கு யோசனைக்குப் பஞ்சமா? கேரள எல்லையில் புளியறை செக்போஸ்டில் லாரிகளை நிறுத்திக் குடைவதைப் பார்த்திருக்கிறேன். அதையே மேலகரத்தில் எங்கள் வீட்டு வாசலில் வைத்தேன். கேட்டுக்குக் குறுக்கே கடையில் மிஞ்சிய பிளாஸ்டிக் பைப். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தொப்பி, விசில். உள்ளே வருகிற பை எல்லாம் லாரி. நிறுத்து, திற, மோந்து பார். பழம், சுண்டல், மோர் என்றால் சல்யூட். எண்ணெய் மினுங்கினால் பறிமுதல். கொண்டுவந்தவர் ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, ஒரு கிண்ணம் முருங்கைக்கீரை தின்ன வேண்டும்.

கீரை ஆய்ந்துகொண்டே ஷெர்லின் கேட்டாள்.

"யாரு வந்தாலும் நிப்பாட்டணுமா?"

"கலெக்டரே வந்தாலும்!"

"பிடிச்ச சரக்க என்ன செய்ய?"

"உடனே அழிச்சிரணும். தடயமே இருக்கப்படாது."

"சரி, அந்த வேலைய நான் பாத்துக்கிடுதேன்."

எவ்வளவு பொறுப்பான பெண் என்று அன்றைக்குப் பூரித்துப் போனேன்.

திட்டம் பிய்த்துக்கொண்டு போனது. வாசுதேவநல்லூரிலிருந்து வந்த என் கொழுந்தியாள் கொண்டுவந்த அதிரசம் வாசலோடு பறிமுதல். அவளுக்கும் கீரை. அப்புறம் அவள் இந்தப் பக்கமே வரவில்லை, அது எனக்குத் தனி லாபம். பக்கத்து வீட்டு நல்லதம்பி அண்ணாச்சி மிக்சர் பொட்டலத்தோடு எங்கள் வாசலைக் கடக்கப் பயந்து இரண்டு தெரு சுற்றிப் போனார். பிள்ளைகள் மட்டும் மாறிவிட்டார்கள். அதிகாரிகள் அல்லவா, மற்றவர் பார்க்கக் கொய்யாப்பழம் தின்றார்கள். ஜெபிஷா தண்ணீருக்கு வண்ணமே அடிக்கவில்லை. டீச்சர் என்னை உட்காரச் சொன்னார்!

இந்த இடத்தில் உங்களிடம் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். வெளியே விட்டுவிடாதீர்கள்.

சனிக்கிழமைதோறும் குற்றாலத்தில் குளிக்கப் போவதாகச் சொல்லித் துண்டோடு கிளம்புவேன். உடம்புக்கு நல்லதாம். ஸ்கூட்டர் தெருமுனை வரைக்கும்தான் குற்றாலம் போகும். அப்புறம் செங்கோட்டை தாண்டிப் புளியறைக்குப் பறக்கும். அங்கே ரோட்டோரக் கடையில் பரோட்டா, பொரித்த கோழி, குளம் கட்டிய சால்னா. திரும்பும்போது ஏதாவது குழாயில் தலையை நனைத்துக்கொள்வேன். வாரம் முழுக்க நான் ஷெர்லினின் கணவன். அந்த இருபது நிமிஷம் மட்டும்தான் நான் ஜெபசிங். அதையும் இழந்தால் எனக்கு என்ன இருக்கிறது?

அந்தச் சனிக்கிழமை கொட்டும் மழை. பரோட்டாக் கடையில் சீசன் கூட்டம், நிற்கவும் இடமில்லை. நாலு பரோட்டாவைக் கோழி, சால்னாவோடு பார்சல் கட்டி, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்தேன். என் கடையில் உட்கார்ந்து தின்றுகொள்ளலாம் என்று நினைப்பு. பாதி வழியில் போன்.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"அருவியிலதான். இப்பதான் தலை துவட்டுதேன்."

"தெருவுக்கே கரண்டு இருக்கு, நம்ம வீட்டுக்கு மட்டும் இல்ல. வந்து பாத்துட்டுக் கடைக்குப் போங்க."

போனேன். கேட்டை நெருங்கியதும் இரண்டு விசில் ஒன்றாக ஊதின.

"எப்பா, வண்டிய ஆஃப் பண்ணுங்க" என்றான் ஜெனோ.

"ஏலே, நான் உங்க அப்பால்லா!"

"கலெக்டரே வந்தாலும்."

ஜெபிஷா சீட்டில் மூக்கை வைத்தாள். "எண்ணெ மணக்கு!"

"அது வண்டி ஆயிலு, பாப்பா."

"ஆயிலுக்குள்ள கோழி இருக்குப்பா."

சீட்டைத் திறந்தார்கள். வாழை இலைப் பொட்டலம் ஆவி பறக்க வெளியே வந்தது. வாசல்படியில் ஷெர்லின் நின்றாள்.

"குளிச்சாச்சா?"

"ஆங், மெயின் அருவியில. தண்ணி பூ மாதிரி விழுது."

"பூ மாதிரியா? காலைல இருந்து வெள்ளம்னு போலீஸ் ஒருத்தரையும் கிட்ட விடலயாமே. டிவியில ஓடுது."

"அதான் ஐந்தருவிக்குப் போயிட்டேன்."

"அங்கயும் தடை."

"பழைய அருவி..."

"அங்கயும்."

திடீரென்று எனக்குப் பொறி தட்டியது. விடுவேனா! "ஏட்டி, கரண்டு இல்லன்னியே, டிவி எப்படி ஓடுது?"

"நீங்க போனை வச்சதும் வந்துட்டு" என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டு அதிகாரிகள் காவல் நிற்க, சொம்புத் தண்ணீரைக் குடித்தேன். கீரையை மென்றேன். அழுகை வந்தது, கீரையோடு விழுங்கினேன். உள்ளேயிருந்து சால்னா வாசனை வீடு முழுக்கப் பரவியது.

"ஏலே ஜெனோ, அம்மா சரக்க எப்படிலே அழிக்கா?"

"தெரியாதுப்பா. எப்பவும் அடுக்களைக் கதவச் சாத்திட்டுத்தான் அழிப்பா."

எப்பவுமா? அப்படியானால் அதிரசம்?

கதவு திறந்தது. ஷெர்லின் கையைக் கழுவி முந்தானையில் துடைத்தபடி வந்தாள். சின்னதாக ஒரு ஏப்பம்.

"ஏங்க, அடுத்த சனிக்கிழமை அருவிக்குப் போனா சால்னா இன்னும் ரெண்டு கவர் சேத்து வாங்கிட்டு வாங்க. இன்னைக்கு அழிக்கப் பத்தல."