உறைக்கு ஒளி பார்த்த டாக்டர்

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காத கிளீவ்லாந்துப் பட்டதாரிகள் எல்லாம் அந்தக் குளிர்காலத்தில் ஒரே ஓட்டல் மண்டபத்துக்குப் படையெடுத்தார்கள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே வரிசை கொட்டும் பனியில் தெருமுனை வரை நிற்கும். உள்ளே டாக்டர் லாரன்ஸ் பெல். எதில் டாக்டர் என்று எவரும் கேட்டதில்லை. கேட்டால் கல்லூரி விண்ணப்பத்தின் ஒளி மங்கிவிடுமாம்!

விண்ணப்பத்தை உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். அதன்மேல் நூலில் கட்டிய பித்தளைக் குண்டைத் தொங்கவிடுவார். குண்டு ஆடுகிற ஆட்டத்தில் விண்ணப்பத்தின் ஒளி தெரியும். ஒளி குறைந்தால் பரிகாரம். பரிகாரத்துக்கு முந்நூறு டாலர். உறையைப் பிரித்தால் ஒளி ஓடிவிடும். வேதியியலில் முதல் மதிப்பெண் வாங்கிய மேதைகள் இதைத் தலையாட்டிக் கேட்டார்கள்.

டெஸ்ஸா நோவாக்கும் தலையாட்டினாள். மறுபடி விண்ணப்பிப்பதற்காக ஒரு வருடம் ஒதுக்கி, முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துவந்தவள் அவள். பெல் குண்டை ஆட்டி முகம் சுளித்தார்.

"நோயாளிங்ககூட ரொம்பப் பழகுறியாம்மா?"

"ஆமா டாக்டர், தினமும்."

"அதான் பாத்தேன். அவங்க சீக்கு இதுல ஒட்டிக்கிச்சு. வேலைய விட்டுடு."

டாக்டராக வேண்டுமானால் நோயாளி பக்கமே போகக் கூடாது! டெஸ்ஸா மறுநாளே வேலையை விட்டாள். இல்லத்தில் அவள் ஊட்டினால் மட்டுமே சூப் குடிக்கும் திருமதி ஹாலரன் அன்று பட்டினி.

சேதி கொண்டுவந்தவன் அவளோடு படித்த ரஷாத். ஆம்புலன்ஸில் வேலை.

"கிழவி உன்னைத்தான்டி கேக்குது. அந்த ஆளுக்கு உறைக்குள்ள இருக்கறது நெசமாவே தெரியுதான்னு பாத்துட்டு அப்புறம் நம்பு."

அடுத்த சனிக்கிழமை டெஸ்ஸாவோடு வந்து, ரஷாத் பெல்லிடம் ஓர் உறையை நீட்டினான். மேலே 'பார்க்கர்' என்று பெயர். குண்டு கிறுகிறுவென்று சுற்றியது.

"அடேயப்பா, என்ன கருணை! பெரிய ஆபரேஷன் டாக்டரா வருவீங்க, பார்க்கர். நேர்காணல்லதான் கொஞ்சம் கூச்சம்."

"பார்க்கர் நான் இல்லீங்க, என்கூட இருக்கறவன். டெஸ், பிரிச்சுப் படி."

"பிரிக்காதே!" பெல் பாய்ந்தார்.

டெஸ்ஸா உறையைக் கையிலெடுத்தாள். சூப் கிண்ணத்தின் முன் வாயை மூடிக்கொண்டிருக்கும் ஹாலரன் நினைவுக்கு வந்தார். கிழித்தாள்.

"பார்க்கர். ஆண் நாய். வயது மூன்று. விதை நீக்கியாயிற்று. தையலை நக்காமல் பார்த்துக்கொள்ளவும். கால்நடை மருத்துவமனை."



"நாய்க்கும் ஒளி உண்டு!" என்றார் பெல்.

"அப்ப என் உறைக்குள்ள இருக்கறதுல ஒரே ஒரு வரி சொல்லுங்க, டாக்டர்," என்றாள் டெஸ்ஸா.

குண்டு ஆடியது. பெல் ஆடினார். கொஞ்ச நேரத்தில் பின்கதவு ஆடிக்கொண்டிருந்தது, ஆளைக் காணோம்.

வரிசையின் கடைசியில் ஒருவன் பதறினான்: "அந்த நாய்க்கு எந்தக் காலேஜுல நேர்காணல்?"

மனித உடம்பைத் திறந்து பார்க்க ஆசைப்படுகிற மகாராசாக்களே, முதலில் ஒரு காகித உறையைத் திறந்து பாருங்கள். அதற்குக் கத்தி வேண்டாம், மூளை போதும்.