நான்கு காட்சிமுனைகள்

வேன் அடிவாரத்தைத் தொட்ட கொஞ்ச நேரத்திலேயே வழிகாட்டிக்குத் தொண்டை போய்விட்டது.

அதுவரை மைக்கைப் பிடித்து வெண்கலக் குரலில் பேசிக்கொண்டு வந்தவர். இன்று நான்கு காட்சிமுனைகள், ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை, கடைசியாகச் சிகரம் என்று எல்லோருக்கும் ஆசை காட்டி வைத்திருந்தார். நடுவில் ஓட்டுநருக்கு ஒரு போன் வந்தது. ஓட்டுநர் சாய்ந்து அவர் காதில் ஏதோ சொன்னார். வழிகாட்டி மறுபடியும் மைக்கை வாயருகே கொண்டுபோனபோது வெறும் காற்றுதான் வந்தது. தொண்டையைத் தொட்டுக் காட்டினார். கையை விரித்தார். அதே நேரம் வெளியே பனிமூட்டம் வந்து கண்ணாடிகளில் அப்பிக்கொண்டது.

காட்சியும் இல்லை, குரலும் இல்லை. வேனில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. வழிகாட்டியின் பார்வை ஒவ்வொரு இருக்கையாக நகர்ந்து ஜன்னலோரம் இருந்த ஒருவரிடம் வந்து நின்றது. காலையில் வண்டி ஏறும்போது, "இரண்டாவது உயரமான சிகரம்னு சொன்னீங்க. மூணாவது" என்று வழிகாட்டியின் காதோடு திருத்திவிட்டுப் போனவர் இவர்தான்.

அலுவலகத்தில் அவரை எல்லோரும் புரூஃப் சார் என்பார்கள். பயண நூல்கள் வெளியிடும் பதிப்பகத்தில் மெய்ப்பு பார்ப்பது அவர் வேலை. அடுத்தவர்கள் ஏறிய மலைகளுக்கெல்லாம் காற்புள்ளி வைத்தவர். தான் ஏறியது அலுவலக மாடிப்படி ஒன்றுதான், அதுவும் லிஃப்ட் பழுதான நாட்களில். இதை அவரே சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டு, லிஃப்ட் எப்படி இயங்குகிறது என்று விளக்குவார்.

அந்த விளக்கம்தான் வீட்டில் பிரச்சினை. மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. காலையிலிருந்து மாலை வரை நுண்ணோக்கியில் கண் வைத்து, ஒன்றுபோலவே இருக்கும் அணுக்களில் எது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். "எப்பப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாததையே பார்த்துக்கிட்டிருக்கேன். எனக்கு தூரத்துல இருக்கற ஏதாவது பார்க்கணும்" என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், அடுத்த மாதம் தங்கையோடு ஒரு வாரம் மலைப்பயணம் போக ஏற்பாடு செய்துவிட்டாள். கணவருக்கு அதில் இடமில்லை. போன முறை விலங்குக் காட்சிச்சாலையில், ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தெலும்பைப் பற்றி அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒட்டகச்சிவிங்கி உள்ளே போய்விட்டது. தங்கை அதை இன்னும் மறக்கவில்லை.

அவர் கெஞ்சிப் பார்த்தார். ஒரு வாரம் யாரும் கேட்க ஆளில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதை அவரால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. கடைசியில் மனைவி ஒரு பரீட்சை வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஒருநாள் டூர் போவோம். அன்னிக்கு முழுக்க எதையும் விளக்கக் கூடாது. வாயை மூடிட்டு வந்தீங்கன்னா அடுத்த மாசம் நீங்களும் வாங்க. இல்லைன்னா நானும் தங்கச்சியும்தான்."

இப்போது வழிகாட்டி மைக்கை அவர் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தார்.

புரூஃப் சார் தலையை ஆட்டி மறுத்தார். பின்னால் இருந்து, கழுத்தில் பெரிய கேமராவைத் தொங்கவிட்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். "தெரிஞ்சவர்னா சொல்லுங்க சார். கண்ணுக்குத்தான் ஒண்ணும் தெரியல, காதுக்காவது ஏதாவது கிடைக்கட்டும்."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னலில் தெரிந்த வெள்ளையைப் பார்த்தபடி, "உங்க இஷ்டம்" என்றாள்.

உங்கள் இஷ்டம் என்றால் என்ன அர்த்தம் என்று கல்யாணமான எவருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் அவர் மூளை அதைச் சொல்லி முடிப்பதற்குள் கை மைக்கை வாங்கிவிட்டிருந்தது. ஒரே ஒரு வாக்கியம், அதோடு நிறுத்திவிடலாம் என்று நினைத்துக்கொண்டார்.

வேன் நின்றது. இரும்புக் கைப்பிடி போட்ட ஒரு திட்டு. ஓரத்தில் டீக்கடை, சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட டீக்காரர், ஒரு காது மடிந்த நாய். இவற்றைத் தவிர எல்லாம் வெள்ளை. எல்லோரும் கைப்பிடியில் வரிசையாக நின்று அந்த வெள்ளையைப் பார்த்தார்கள். வழிகாட்டி முன்னால் கையை நீட்டிக் காட்டினார்.

"பள்ளத்தாக்கு" என்றார் புரூஃப் சார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஏழு மடிப்பு. ஒவ்வொரு மடிப்பும் ஒவ்வொரு நீலம். கடைசி மடிப்பு வானத்தோட கலந்திடும்."

கேமராக்காரர் வெள்ளையைப் படம் எடுத்தார். புதிதாகக் கல்யாணமான ஜோடி பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்தது. மனைவி அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஒரு பரீட்சைத்தாளில் போட்ட பூஜ்யத்தைப் போல அவர் உணர்ந்தார்.

வேன் மறுபடி கிளம்பி வளைவு வளைவாகத் திரும்பியது. என்ஜின் முனகியது. இரண்டாவது இடத்தில் இறங்கும்போது பேசவே கூடாது என்ற முடிவோடுதான் அவர் இறங்கினார். ஆனால் வழிகாட்டி கையை மேலிருந்து கீழாக இறக்கிக் காட்டினார். அது அருவி. அருவி என்று தெரிந்தும் சும்மா இருப்பது எப்படி?

"கேக்குதா?" என்றார்.

எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். உண்மையிலேயே ஒரு இரைச்சல் கேட்டது.

"அதுதான் அருவி. பாறையில மூணு இடத்துல முட்டி விழுது. அதனாலதான் இந்த ஒரே சீரான சத்தம்."

அப்போது அங்கிருந்த டீக்காரர் பம்ப் ஸ்டவ்வை அணைத்தார். அருவி நின்றுவிட்டது.

கேமராக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். புரூஃப் சாருக்குக் காது சூடாகியது. மேலே ஒரு அணை இருக்கிறது, அவ்வப்போது தண்ணீரை நிறுத்துவார்கள் என்றார். அப்படியொரு அணையை அவர் எந்தப் புத்தகத்திலும் திருத்தியதில்லை. சற்று நேரத்தில் டீக்காரர் மறுபடி ஸ்டவ்வைப் பற்றவைத்தார். "திறந்துட்டாங்க" என்றார் கேமராக்காரர், மரியாதையோடு.

மனைவி இதற்கிடையில் டீக்கடைப் பக்கம் போயிருந்தாள். கைப்பையிலிருந்து இருமல் மிட்டாய் எடுத்து வழிகாட்டியிடம் கொடுத்ததையும், ஏதோ கேட்டதையும், அவர் தலையைச் சொறிந்ததையும் புரூஃப் சார் தூரத்திலிருந்து பார்த்தார். அந்த நிலைமையிலும் அடுத்தவர் தொண்டைக்குக் கவலைப்படுகிறாளே என்று நெகிழ்ந்தார். திரும்பி வரும்போது அவள் சால்வையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"குளிருதா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவருக்குப் புரியாத அதிசயம். வேன் கிளம்பியதும் அவளே அவர் பக்கம் திரும்பினாள்.

"அந்த அருவி எவ்வளவு உயரம்னு சொல்லலையே?"

அவர் தன் காதை நம்பவில்லை. அவளாகக் கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் எதன் உயரத்தையும் கேட்டதில்லை. அவர் உயரம் சொன்னார். அகலம் சொன்னார். பாறையின் வயதும் சொன்னார். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

மூன்றாவது இடத்தில் சிக்கல் நாய் வடிவத்தில் வந்தது. கேமராக்காரர் தான் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"சார், மூணு இடத்துலயும் ஒரு காது மடிஞ்ச நாய் இருக்கே."

"மலை நாய்" என்றார் புரூஃப் சார் தயங்காமல். "இங்க காத்து எப்பவும் மேற்கேருந்துதான் அடிக்கும். தலைமுறை தலைமுறையா அந்தப் பக்கத்துக் காது மடிஞ்சு அப்படியே நின்னுடுச்சு."

"டீக்காரரும் அதே மாதிரி சிவப்புத் தொப்பியில இருக்காரே?" என்றாள் மனைவி, ரொம்ப அப்பாவியாக.

"அண்ணன் தம்பிங்க. இந்த மாதிரி இடங்கள்ல ஒரே குடும்பம்தான் எல்லாக் கடையையும் எடுத்திருக்கும்."

கேமராக்காரர் எதையும் சும்மா விடுகிறவர் இல்லை. நேரே கடைக்குப் போய், கீழே கடை வைத்திருப்பது உங்கள் தம்பியா என்று கேட்டார். டீக்காரர் ஒரு கணம் வழிகாட்டியைப் பார்த்தார்.

"அண்ணன்" என்றார். "எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல."

புரூஃப் சாருக்கே தன் அறிவை நினைத்து ஆச்சரியமாக இருந்தது.

"என்னங்க, இங்கேயும் கைப்பிடியில ஒரு கம்பி வளைஞ்சிருக்கு பாருங்க" என்றாள் மனைவி.

இரும்பு குளிரில் சுருங்கும், சுருங்கும்போது நடுவிலிருந்து மூன்றாவது கம்பிதான் முதலில் வளையும் என்று அவர் விளக்கினார். சொல்லி முடித்த பிறகுதான் அது எங்கிருந்து வந்தது என்று தனக்கே தெரியவில்லை என்பது உறைத்தது. மனைவி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று புரிந்துகொண்டார். மலையின் பிரம்மாண்டம் சிலரை அழவைக்கும். அந்த வாக்கியத்தைப் பல புத்தகங்களில் அவர் திருத்தியிருக்கிறார்.

நான்காவது இடம் சிகரம். இந்த முறை அவருக்குத் தயக்கமே இல்லை. மேகக் கடல், அதன்மேல் தீவுகளாக மிதக்கும் முகடுகள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். மூடாவிட்டாலும் ஒன்றும் தெரியப்போவதில்லை. "எல்லாரும் மெதுவா மூச்சு விடுங்க. இந்த உயரத்துல காத்து ரொம்ப மெல்லிசா இருக்கும்" என்றார் கடைசியாக.

கேமராக்காரருக்குத் தலை சுற்றியது. தரையில் உட்கார்ந்துவிட்டார். புது மாப்பிள்ளையும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் சாய்ந்தான். டீக்காரர் ஓடிவந்து, சர்க்கரை தூக்கலாக டீ கொடுத்தார். மேலே ஏறும்போது சில பேருக்கு இப்படி ஆகும் என்று புரூஃப் சார் புதுப்பெண்ணுக்குத் தைரியம் சொன்னார்.

"எனக்கும் காது அடைக்குதுங்க" என்றாள் மனைவி.

"எச்சில் முழுங்கு."

முழுங்கினாள். திரும்பும் வழியில் வேனில் இருந்தவர்கள் அவருக்காகக் கை தட்டினார்கள். வழிகாட்டி எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். கைதட்டல் ஓய்ந்ததும் மனைவி அவர் பக்கம் சாய்ந்தாள்.

"அடுத்த மாசம் நீங்களும் வாங்க."

"நிஜமாவா? உன் தங்கச்சி?"

"அவகிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க இல்லாம அது என்ன பயணம்?"

அவர் தோளில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வாக்கை மீறிப் பரீட்சையில் ஜெயித்த ஒரே மாணவன் தான்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வேன் கடைசி வளைவில் திரும்பியது. அந்த நேரம் பார்த்துப் பனி விலகியது.

முதலில் தெரிந்தது சாலையின் குறுக்கே இறக்கியிருந்த தடுப்புக் கம்பம். அதில் தொங்கிய பலகையில், பனிமூட்டத்தால் மலைப்பாதை இன்று காலை முதல் மூடப்பட்டிருக்கிறது என்று எழுதியிருந்தது. பழக்க தோஷத்தில் அதில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. அதன் பக்கத்தில் சிவப்புத் தொப்பி டீக்காரர் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார். காது மடிந்த நாய் வேனுக்கு வாலாட்டியது. வளைந்த கம்பிக்கு அப்பால் பள்ளத்தாக்கு இல்லை. ஒரு முட்டைக்கோஸ் தோட்டமும், கொடியில் காய்ந்துகொண்டிருந்த நீலப் போர்வைகளும்தான் இருந்தன. மலை எதிர்ப்பக்கம் இருந்தது. நாள் முழுக்க அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். வேன் ஏறியது எந்த மலையிலும் இல்லை. பக்கத்தில் இருந்த ஒரு குட்டிக் குன்றைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது.

அவருக்கு வியர்த்தது. உண்மையிலேயே காற்று மெல்லிசானதுபோல் இருந்தது. கேமராக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். ஜோடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தது. தோளில் மனைவி அசையாமல் கண்ணை மூடியிருந்தாள். வேன் குலுங்காமல் போகவேண்டுமே என்று மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஊர் வந்து இறங்கியதும் மனைவி தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைக்குப் போனாள். அவள் கொஞ்ச தூரம் போகும்வரை காத்திருந்து, அவர் வழிகாட்டியை வேனுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"எல்லாம் ஒரே இடம்னு தெரிஞ்சுடுச்சு" என்றார் கிசுகிசுப்பாக. "நீங்க என்னை மாட்டிவிட்டதைப் பத்தி ஒண்ணும் கேட்கல. என் முட்டாள்தனம், நான் பேசினேன். ஒரே ஒரு உதவி. என் மனைவிக்கு மட்டும் தெரிய வேண்டாம். தெரிஞ்சா அடுத்த மாசம் என்னைக் கூட்டிக்கிட்டுப் போக மாட்டா. உங்களால பேச முடியாது, தெரியும். தலையை ஆட்டினா போதும்."

வழிகாட்டி தலையை ஆட்டவில்லை. வாயிலிருந்த இருமல் மிட்டாயை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, காலையில் கேட்ட அதே வெண்கலக் குரலில் சொன்னார்:

"ரெண்டாவது இடத்துலயே கண்டுபிடிச்சுட்டாங்க சார்; வண்டியைத் திருப்பிடறேன்னுதான் நான் சொன்னேன், அவங்கதான் 'நான் இப்படிச் சிரிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு, இன்னும் ரெண்டு சுத்து சுத்துங்க'ன்னாங்க."